காவிரிப் படுகை வீட்டுக்குக் கைமுடிச்சுக் கம்பளம்: தேர்ந்தெடுப்பதும் காப்பதும்

கோரைப்பாயும் பவானி ஜமக்காளமும் விரித்துப் பழகிய தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்து வீடுகளில் இப்போது கம்பளத்துக்கும் ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது. டைல்ஸ் பதித்த கூடத்தில் சோபாவுக்கு முன்னால் விரிக்க ஒன்று வேண்டும் என்று தேடுகிறவர்கள் ஒருபுறம் இருக்கிறார்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய், விடுமுறையில் திரும்பும்போது ‘பெர்ஷியன் கார்பெட்’ ஒன்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் கடைக்காரர் சொன்னதைத் தவிர வேறு பிடிமானம் பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் முறையாகக் கம்பளம் வாங்கப் போகும் அத்தகையவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கையால் முடிச்சிட்ட நல்ல கம்பளம் ஒழுங்காகக் காக்கப்பட்டால் இரண்டு, மூன்று தலைமுறைக்கு உழைக்கும். நம் பகுதியில் அந்த ஆயுளைத் தீர்மானிப்பது ஈரம்தான். இன்று உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழமையான முடிச்சுக் கம்பளம் 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பசிரிக் என்னும் இடத்துக் கல்லறை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. கல்லறைக்குள் புகுந்த நீர் பனிக்கட்டியாக உறைந்துபோனதால்தான் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் அது மக்காமல் இருந்தது. நீர் உறையாத, வெயிலும் புழுக்கமும் மாறிமாறி வருகிற காவிரிப் படுகையில் அதே நீர் சில வாரங்களில் ஒரு கம்பளத்தின் அடித்தளத்தை இற்றுப்போகச் செய்துவிடும். ஆகவே முடிச்சு எத்தனை, ஊர் எது, விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கம்பளம் நம் தரைக்கும் நம் ஐப்பசி அடைமழைக்கும் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

எது எந்த வகை

கடையில் கம்பளம் என்ற பெயரில் விற்கப்படுபவற்றை முதலில் வகை பிரித்துக்கொள்ள வேண்டும். கைமுடிச்சுக் கம்பளத்தில், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களின் மேல், ஒவ்வொரு சிறு கம்பளி இழையையும் நெசவாளர் தனித்தனியாகச் சுற்றி, இழுத்து, வெட்டுகிறார். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் குறுக்கே ஊடை நூலைச் செலுத்திச் சீப்பு போன்ற கருவியால் அடித்து இறுக்குகிறார். முடிச்சில் இரு பெரும் முறைகள் உண்டு. துருக்கி முடிச்சு இரண்டு பாவு நூல்களையும் முழுமையாகச் சுற்றி நடுவில் வெளிவரும். பாரசீக முடிச்சு ஒன்றை முழுமையாகவும் மற்றதை அரைகுறையாகவும் சுற்றும். வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டால் பெரிய பயன் இல்லை. இரண்டிலும் சிறந்த கம்பளங்கள் உண்டு, ஈரானிலேயே தப்ரீஸ் போன்ற இடங்களில் துருக்கி முடிச்சுதான் வழக்கம்.

இரண்டாவது வகை, துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் இழையைக் குத்தி ஏற்றி, பின்புறம் ரப்பர் பால் பசை பூசி, அதன் மேல் வேறொரு துணியை ஒட்டி மறைப்பது. இதை ‘டஃப்டட்’ என்பார்கள். இதுவும் கையால் செய்தது என்று சொல்லி விற்கப்படுகிறது. சொல்லளவில் அது பொய்யும் அன்று. ஆனால் இதில் முடிச்சே இல்லை, இழையைப் பிடித்திருப்பது பசை மட்டுமே. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அந்தப் பசை சில ஆண்டுகளிலேயே காய்ந்து பொடிப்பொடியாக உதிரும், நாற்றமும் வீசும். நம் ஊர் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

மூன்றாவது, மேலிழை (மேல்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் வெட்டிய இழை) இல்லாமல் பாவும் ஊடையும் மட்டுமே கொண்ட தட்டை நெசவு. ஈரானிய, துருக்கியக் கிலிம்களும் வட இந்திய தரிகளும் நம் பவானி ஜமக்காளமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எடை குறைவு, எளிதில் உலரும், பூச்சி தங்க இடம் குறைவு. தரைமட்ட வீட்டில் வசிப்பவர்கள் கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் பதிலாக ஒரு நல்ல கம்பளிக் கிலிமை வாங்குவது தாழ்ந்த தேர்வு ஆகாது. நான்காவது, பாலிப்ரொப்பிலீன் இழையில் இயந்திரத்தில் நெய்தது. வளைகுடா நாடுகளின் பெரிய அங்காடிகளில் பாரசீகப் பூவேலையோடு மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இதுவே. கறை படிந்தால் துடைக்கலாம், சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பயன்படும். கைமுடிச்சு என்று நம்பி அந்த விலையைக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவே.

புரட்டிப் பார்ப்பது

திருபுவனத்தில் நெடுங்காலமாகப் பட்டுத்தறி நெய்யும் பெரியவர் ஒருவரிடம் ஒரு பழைய கம்பளத்தைக் காட்டினோம். அவர் மேல்பக்கத்துப் பூக்கொடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு மூலையைப் புரட்டித் தொடை மேல் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் ஊடை நூலைச் சற்று விலக்கி, பாவு நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு குஞ்சத்தில் ஓர் இழையைப் பிடித்து இரண்டு விரல்களால் சுண்டி இழுத்தார். “தம்பி, பூ வேலையை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பாவு உயிரோட இருக்கான்னு பாரு” என்றார். கம்பளம் நெய்யாத ஒருவர் சொன்னாலும், அதைவிடச் சரியான முதல் விதியை நான் கேட்டதில்லை. சேலை எடுக்கப் போகும்போது உள்பக்கத்தைப் புரட்டி நெசவைப் பார்க்கும் பழக்கமுள்ள நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதாகவும் இருக்காது.

புரட்டியதும், மேலே உள்ள அதே சித்திரம் பின்புறத்திலும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு சிறு மணி போலப் புடைத்திருக்கும். வரிசைகள் பெரும்பாலும் நேராகவும் ஆங்காங்கே மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தோடும் இருக்கும். பின்புறத்தில் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட். எல்லா வரிசையும் அச்சடித்தாற்போல ஒரே சீராக இருந்து, ஓரத்தில் இயந்திரத் தையல் ஓடி, தொட்டால் பிளாஸ்டிக்போல விறைப்பாக இருந்தால் அது இயந்திர நெசவு.

அடுத்துக் குஞ்சத்தைப் பார்க்க வேண்டும். கைமுடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் நீட்சியே. தனியாகச் செய்து ஓரத்தில் தைத்த குஞ்சம் இருந்தால் ஐயப்பட வேண்டும். பழைய கம்பளத்தில் தேய்ந்த குஞ்சத்துக்கு மாற்றாகப் பின்னர் தைத்திருக்கவும் கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இறுதியாக மேலிழையை இரு கைகளாலும் விலக்கி வேர்ப்பகுதியைப் பாருங்கள். பாவு நூலைச் சுற்றிய முடிச்சின் வளைவு கண்ணுக்குத் தெரியும்.

பழைய கம்பளமாக இருந்தால் இன்னொரு சோதனை கட்டாயம். பெரும்பாலான நகரத்துக் கம்பளங்களுக்குப் பாவும் ஊடையும் பருத்திதான். மேலே உள்ள கம்பளி கெடாமல் பளபளப்பாக இருக்கும்போதே, கீழே பருத்தி ஈரத்தில் இற்றுப்போயிருக்கலாம். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி இரு கைகளாலும் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் வளைத்துக் காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். காய்ந்த சருகை நசுக்கியதுபோல ‘சரக்’ என்ற ஒலி எழுந்தால் அந்த இடத்தில் நூல் இற்றுவிட்டது. நான்கு மூலைகளிலும் நடுவிலும், குறிப்பாகப் பூந்தொட்டி வைத்த வட்டமான கறை போல் ஏதேனும் தெரிந்தால் அந்த இடத்திலும் இதைச் செய்ய வேண்டும். இற்ற கம்பளத்தைப் பழுது பார்த்து மீட்பது மிகக் கடினம். என்ன விலைக்குக் கொடுத்தாலும் அதை எடுக்க வேண்டாம்.

கம்பளி, பட்டு, பட்டு போன்றது

மேலிழைக்குக் கம்பளியே முதல் தேர்வு. நல்ல ஆட்டு ரோமத்தில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும். சிந்திய நீர் உடனே உறிஞ்சப்படாமல் சற்று நேரம் மேலேயே நிற்கும். மிதித்த இடம் மீண்டும் நிமிரும். ஈரானில் இளம் ஆட்டின் கழுத்து, வயிற்றுப் பகுதி ரோமத்தைக் ‘குர்க்’ என்று சொல்லி நுண்ணிய கம்பளங்களுக்குப் பயன்படுத்துவார்கள். உத்தரப் பிரதேசத்தின் பதோகி, மிர்சாபூர் வட்டாரத்தில் பிகானேர் ரோமத்தையும் நியூசிலாந்து ரோமத்தையும் கலந்து நூற்பது வழக்கம். தரங்குறைந்த ரோமம், குறிப்பாக இறந்த ஆட்டின் தோலிலிருந்து ரசாயனத்தால் பிரித்தெடுத்தது, வறண்டு சொரசொரப்பாக இருக்கும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். புதுக் கம்பளத்தில் சிறிது உதிர்வது இயல்பு. கைநிறையத் துகள் வந்தால் அது இயல்பு இல்லை.

பட்டைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஈரானின் கோம் நகரத்துப் பட்டுக் கம்பளங்களும் காஷ்மீரத்துப் பட்டுக் கம்பளங்களும் பார்வைக்கு ஒப்பற்றவை. ஆனால் அவை நடந்து மிதிக்கும் கூடத்துக்கு உரியவை அல்ல. அதைவிடப் பெரிய தொல்லை, பட்டு என்று சொல்லி விஸ்கோஸ் இழையை விற்பது. ‘ஆர்ட் சில்க்’, ‘பனானா சில்க்’, ‘பேம்பூ சில்க்’ என்று எந்தப் பெயரில் வந்தாலும் பெரும்பாலும் அது மரக்கூழிலோ மூங்கில் கூழிலோ செய்த ரேயான் வகை இழைதான். நனைந்தால் அதன் வலு வெகுவாகக் குறையும், தண்ணீர் பட்ட இடம் மஞ்சளித்து, இழை ஒட்டிக்கொண்டு நிமிராது. ஈரத்தரை உள்ள ஊருக்கு இதைவிடப் பொருந்தாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

உண்மை அறிய, சேலைக் கடைக்காரர்கள் செய்யும் அதே தீச்சோதனை போதும். கடைக்காரரின் சம்மதத்தோடு, மேலிழையிலிருந்து ஒன்றிரண்டு இழைகளைக் கிள்ளி எடுத்து நெருப்பில் காட்டுங்கள். குஞ்சத்திலிருந்து எடுக்கக் கூடாது. அது பாவு நூல் என்பதால் பருத்திதான் எரியும். கம்பளியும் பட்டும் தலைமயிர் கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். விஸ்கோஸ் காகிதம் எரிவதுபோல மணந்து மென்சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சொட்டிக் கெட்டியான உருண்டையாகும். சம்மதிக்காத கடையில் பட்டு விலை கொடுக்க வேண்டாம்.

சாயம்

1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த பிறகு, சில பத்தாண்டுகளில் அனிலின் சாயங்கள் ஈரானியத் தறிகள்வரை போய்ச் சேர்ந்தன. அவற்றில் பல வெயிலில் வெளுத்தன, தண்ணீரில் கரைந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈரான் அரசு அவற்றைத் தடை செய்ய முயன்றது. பின்னர் வந்த குரோம் சாயங்கள் உறுதியானவை. ஆகையால் இன்று செயற்கைச் சாயம் என்பதே குறையாகாது. ஒட்டாத சாயம்தான் குறை. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கும் பழுப்புக்கும் மாதுளம் தோலும் வால்நட் ஓடும் என இயற்கைச் சாயமிட்ட கம்பளங்கள் இன்றும் நெய்யப்படுகின்றன, அவற்றின் நிறம் ஆண்டுகள் போகப் போகக் கனிந்து அழகு கூடும். சோழ மண்டலக் கரையும் ஒரு காலத்தில் சாயவேரின் சிவப்புக்குப் பெயர்போனதுதான்.

சோதனை எளிது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, அடர் சிவப்பு, கருநீலப் பகுதிகளின் மேல் அழுத்தி அரை நிமிடம் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால், நம் ஊரில் முதல் மழைக்காலத்திலேயே சிவப்பு பக்கத்து வெள்ளைக்குப் பரவும். பிறகு மேலிழையை விலக்கி நுனியின் நிறத்தையும் வேரின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். வேர் பளிச்சென்றும் நுனி வெளுத்தும் இருந்தால், அது வெயிலாலோ, பழமைத் தோற்றம் தருவதற்காகச் செய்த ரசாயனக் கழுவலாலோ நேர்ந்தது. ஒரே நிறத்துக்குள் பட்டைபட்டையாக இளமையும் அடர்த்தியும் மாறுவது வேறு. சாயமிட்ட ஒரு தொகுதி நூல் தீர்ந்து அடுத்த தொகுதி தொடங்கிய இடம் அது, ஈரானியர் ‘அப்ராஷ்’ என்பார்கள். அதைக் குற்றமாகக் கருதத் தேவையில்லை.

முடிச்சுக் கணக்கும் ஊர்ப்பெயரும்

பின்புறத்தில் ஓர் அங்குல நீளத்துக்கும் ஓர் அங்குல அகலத்துக்கும் உள்ள முடிச்சுகளை எண்ணிப் பெருக்கினால் சதுர அங்குலத்துக்கான கணக்கு கிடைக்கும். இதில் ஒரு பிழை நேர வாய்ப்புண்டு. ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு நூல்களைச் சுற்றுவதால், பல கம்பளங்களில் அது பின்புறத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மணிகளாகத் தெரியும். ஒரு நூலை மற்றதன் பின்னால் தள்ளி நெய்த இறுக்கமான கம்பளத்தில் ஒரே மணியாகத் தெரியும். இரண்டு மணியை இரண்டு முடிச்சாக எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகும். சித்திரத்தில் மிக மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றைத் தேடி, அதன் அகலம் எத்தனை மணி என்று பாருங்கள். எப்போதும் இரண்டாகவே வந்தால் இரண்டும் சேர்ந்ததே ஒரு முடிச்சு.

ஊருக்கு ஊர் கணக்குச் சொல்லும் முறை மாறும். காஷ்மீரத்தில் அங்குலத்துக்குப் 18க்கு 18 என்றால் சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு. தப்ரீஸில் ‘ரஜ்’ என்பது ஏறக்குறைய 7 சென்டிமீட்டரில் உள்ள முடிச்சு எண்ணிக்கை. 50 ரஜ் என்பது கிட்டத்தட்ட அந்தக் காஷ்மீர 18க்கு 18 அளவுதான். ஈரானின் நாயீன் நகரத்தில் ‘லா’ என்று சொல்வது பாவு நூலில் முறுக்கிய இழைகளின் எண்ணிக்கை என்பதால், அங்கே எண் குறையக் குறைய நுண்மை கூடும்: 9 லாவைவிட 6 லாவும், அதைவிட 4 லாவும் உயர்வு.

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம் 1539-40இல் நெய்து முடிக்கப்பட்டது. ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளமும் ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்ட அந்தப் பெரும்படைப்பில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 340 முடிச்சுகள்தாம். அப்படியிருக்க, சாதாரணக் கூடத்துக்கு 500, 600 முடிச்சு இல்லாவிட்டால் தரமில்லை என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. நுண்ணிய கொடிப்பூச் சித்திரத்துக்குத்தான் முடிச்சு நெருக்கம் தேவை. ஈரானின் ஹெரிஸ் வட்டாரத்தின் கோணக்கோணமான பெரிய பதக்கக் கம்பளம், ஹமதான் சுற்றுக் கிராமங்களின் கம்பளம் போன்றவை குறைந்த முடிச்சில் தடித்த கம்பளியால் நெய்யப்பட்டு நெடுங்காலம் உழைக்கின்றன. பிஜார் கம்பளம் ஊடையை ஓங்கி அடித்து இறுக்குவதால் பலகைபோல் கனமாக இருக்கும், அதை மடிக்கவே கூடாது. 100 முதல் 200 முடிச்சுக்குள், நல்ல கம்பளியில், தெளிவான சித்திரத்தோடு இருக்கும் ஒன்றுதான் நம் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றது என்பது என் முடிவு.

முடிச்சு எண்ணிக்கையின் உண்மையான பயன் விலையைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. 4 அடிக்கு 6 அடி கம்பளம் 3,456 சதுர அங்குலம். 18க்கு 18 அளவில் அதில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள். தேர்ந்த நெசவாளர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 முடிச்சு போடுவதாகக் கொண்டால், ஒருவருடைய 140 நாள் உழைப்பு அது. சொல்லப்படும் விலையை அந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாட்கூலிகூடத் தேறாத விலையாக இருந்தால், ஒன்று முடிச்சுக் கணக்கு பொய், அல்லது நெய்தவருக்கு உரிய கூலி போய்ச் சேரவில்லை. பட்டுத்தறிக் கூலி பற்றித் திருபுவனத்திலும் அய்யம்பேட்டையிலும் கேட்டறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் புரியும்.

பெயரைப் பொறுத்தவரை ஒரே கேள்வி போதும்: “இது எந்த ஊர்த் தறியில் நெய்தது?” பதோகியில் நெய்த ஹெரிஸ் சித்திரமும் காஷ்மீரத்தில் நெய்த காஷான் சித்திரமும் ‘பெர்ஷியன்’ என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. சித்திரம் பாரசீகம், நெசவு இந்தியா என்று பில்லில் எழுதிக் கொடுத்தால் அதில் குறையேதும் இல்லை; பல நேரங்களில் நம் பணத்துக்கு அதுவே கூடுதல் மதிப்பு. பதோகிக் கம்பளத்துக்கும் காஷ்மீரக் கைமுடிச்சுக் கம்பளத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. காஷ்மீரக் கம்பளத்துக்கு 2022 முதல் கியூஆர் குறியீடு கொண்ட முத்திரையும் தரப்படுகிறது. கைபேசியில் வருடிப் பார்த்து விவரம் அறியலாம். குழந்தைத் தொழிலாளர் இன்றி நெய்யப்பட்டதற்கான ‘குட்வீவ்’ முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். கைலாஷ் சத்யார்த்தி 1994இல் ‘ரக்மார்க்’ என்ற பெயரில் தொடங்கிய முயற்சி அது. கம்பளத் தறிகளில் குழந்தைகளிடம் கட்டாய வேலை வாங்கப்பட்டது மறுக்க முடியாத வரலாறு, ஆகவே அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

அளவும் கடையும்

கடைக்குப் போகும் முன் வீட்டில் பழைய செய்தித்தாளை ஒட்டி, நினைத்த அளவுக்குத் தரையில் பரப்பிப் பாருங்கள். கதவு திறக்கும்போது இடிக்கிறதா, ஊஞ்சல் ஆடும் இடத்தில் சங்கிலியடி படுமா, பூசையறை வாசலில் எண்ணெய் சிந்தும் இடத்துக்கு எத்தனை தூரம் என்பதெல்லாம் அப்போதே தெரியும். சோபாவின் முன்கால்களாவது கம்பளத்தின் மேல் நிற்க வேண்டும். 5க்கு 8 அடி நடுத்தரக் கூடத்துக்குப் பெரும்பாலும் போதும். சாப்பிடும் இடத்தில் கம்பளம் வேண்டவே வேண்டாம்.

தஞ்சாவூரில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கைவினைக் கடைகளிலும், மாமல்லபுரம், புதுச்சேரி, சென்னையில் உள்ள காஷ்மீரக் கடைகளிலும் கைமுடிச்சுக் கம்பளம் கிடைக்கும். வாகன ஓட்டியோ வழிகாட்டியோ அழைத்துப் போனால் அவருடைய கமிஷனும் விலையில் ஏறும், தனியாகப் போவதே நல்லது. கல்யாண மண்டபங்களில் சில நாட்கள் நடக்கும் கண்காட்சி விற்பனையில் ‘60 சதவீதத் தள்ளுபடி’ என்று தொங்கும் பலகையைப் பொருட்படுத்த வேண்டாம். தள்ளுபடிக்கு முந்தைய விலையை எழுதியவரும் அவர்தான். ஒரே தரத்தில், ஒரே அளவில் மூன்று கடைகளில் சதுர அடி விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு பேரம் பேசுங்கள். கம்பளம் முதலீடு, விலை ஏறிக்கொண்டே போகும் என்று சொல்பவரை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். புதுக் கம்பளத்தை மறுநாளே விற்கப் போனாலும் கொடுத்த விலை கிடைக்காது. பயன்படுத்தவும் பார்த்து மகிழவும் வாங்குவதே முறை.

கடையில் கம்பளத்தைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு முனைகளிலிருந்தும் நின்று பாருங்கள். மேலிழை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒரு முனையிலிருந்து வெளிறியும் மறுமுனையிலிருந்து அடர்ந்தும் தெரியும். வீட்டில் வாசலிலிருந்து பார்க்கையில் எந்த நிறம் வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்யலாம். நான்கு மூலையும் தரையில் படிகிறதா, இரு பக்க நீளமும் ஒன்றா என்று அளந்து பாருங்கள். ஓரிரு அங்குல வேறுபாடு கைவேலைக்கு இயல்பு. அலையலையாக எழும்பி நிற்பது இயல்பன்று. பில்லில் நெய்த ஊர், அளவு, மேலிழைப் பொருள், அடித்தளப் பொருள், முடிச்சுக் கணக்கு, கைமுடிச்சு என்ற சொல் ஆகிய எல்லாமும் எழுதப்பட வேண்டும். சில நாட்கள் வீட்டில் விரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் எழுத்தில் பெறுங்கள்.

மழைக்காலமும் அந்தும்

விரிப்பதற்கு முன் தரையைச் சோதிக்க வேண்டும். இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் தரை ஓதம் ஏறுகிறது. ஆற்றங்கரைத் தெருக்களிலும், சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழைய வீடுகளிலும், கடலோரத்திலும் இது சாதாரணம். அப்படிப்பட்ட தரையில் ஆண்டு முழுதும் கம்பளம் கிடக்கக் கூடாது. மாடியறையில் விரிக்கலாம், அல்லது விசேஷங்களுக்கு மட்டும் எடுத்து விரிக்கலாம். ஓதம் ஏறாத தரையிலும், காற்றோட்டம் தரும் கண்ணி போன்ற அடிவிரிப்பு ஒன்றைப் போட வேண்டும். காலையில் வீடு துடைக்கும்போது கம்பளத்தைச் சுருட்டி, தரை நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் விரிக்க வேண்டும். நம் வீடுகளில் அதிகம் தவறிப்போவது இந்த ஒன்றுதான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னால் கம்பளத்தை நன்றாகத் தூசி தட்டி, மேலிழை சாய்ந்த திசையிலேயே ஒரு பிவிசி குழாயின் மேல் சுருட்டி, துவைத்த பழைய வெள்ளை வேட்டியால் சுற்றிக் கட்டிப் பரணில் படுக்கவைக்கலாம். மடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். தை பிறந்து வானம் வெளுத்ததும் காலை இளவெயிலில் பின்புறம் மேலாகப் போட்டு ஒரு மணி நேரம் உலர்த்தி, பிறகு விரியுங்கள். வெள்ளம் புகுந்து நனைந்துவிட்டால் அன்றைக்கே தூக்கி, நீரை வடித்து, சரிவாகவோ கட்டில் சட்டத்தின் மேலோ பரப்பி, இருபுறமும் மின்விசிறிக் காற்று படும்படி உலர்த்த வேண்டும். நனைந்த கம்பளத்தின் எடை பல மடங்கு கூடும் என்பதால் ஒருவராகத் தூக்கிக் குஞ்சத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

அந்துப்பூச்சி இருட்டில், அசையாத இடத்தில் முட்டையிடும்; அதன் புழுதான் கம்பளியைத் தின்னும். திவானுக்கும் பீரோவுக்கும் அடியில் போகும் பகுதியை மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வெண்ணிறத்தில் சிலந்தி நூல் போன்ற படலமோ, அரிசி உமி அளவிலான கூடுகளோ தெரிந்தால் உடனே வெளியே எடுத்து இருபுறமும் தட்டி, வேக்கம் கிளீனரால் உறிஞ்சி, வெயிலில் காய வைக்க வேண்டும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து, சுருட்டி வைத்த கம்பளத்தின் அருகே வைக்கலாம், கம்பளத்தின் மேல் நேராகப் போடக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது. வசம்பும் வேப்பிலையும் வைப்பவர்கள் வைக்கலாம்; புழு ஏறிவிட்ட பிறகு அவற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

எது சிந்தினாலும் முதலில் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மஞ்சள் கலந்த குழம்புக் கறைக்குச் சோப்புப் போட்டால் அது சிவந்து இன்னும் ஆழமாகப் பிடிக்கும். குளிர்ந்த நீரால் ஒற்றி, சில நாள் இளவெயில் காட்டினால் மஞ்சள் தானாக மங்கும். பெரிய கழுவலைப் பழக்கமில்லாத சலவைக் கடையில் கொடுக்காமல், கம்பளம் கழுவித் தேர்ந்தவர்களிடம் சென்னையிலோ வாங்கிய கடை வழியாகவோ செய்யச் சொல்லுங்கள்.

குஞ்சமோ பக்கக் கரையோ பிரியத் தொடங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. கடைசி ஊடை நூல் நழுவினால் முடிச்சு வரிசைகள் ஒவ்வொன்றாக அவிழும். முறுக்கான பருத்தி நூலால், இரண்டு மூன்று பாவு நூல்களுக்கு ஒரு தையலாகக் கடைசி ஊடையோடு சேர்த்துச் சுற்றித் தைத்துவிட்டால், முறையாகப் பழுது பார்க்கும் வரை அது தாங்கும். தையல் இயந்திரத்தில் கொடுக்க வேண்டாம். பட்டுத்தறிக்குப் பாவு பிணைக்கும் கை தெரிந்த ஒருவரிடம் காட்டினால் ஒரு மாலைப்பொழுதில் முடித்துத் தருவார்.